காலிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?
(அறிஞர் வரலாறு: ஏடா லவ்லேஸ்)



இந்தத் தடவை அறிஞர் வரலாறு பகுதியில் நாம் பார்க்கப் போவது ஏடா லவ்லேஸ் அம்மையாரைப் பற்றி. பேரைக் கேட்டதும் யாரையோ ஏடா, போடா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதா? சிரிக்காதீங்க! கணினிக்கான நிரலை முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் என்று உலகம் போற்றும் பெண்மணி இவர்தான். வீடுகளில் மின்சார விளக்குகூட இல்லாத காலத்தில், கணினி என்று ஒரு பொருளே செய்யப்படாத காலத்தில் எழுதினார் என்பதுதான் பெரிய ஆச்சரியம்.

அவர் எழுதியதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒரு பெட்டியில் நாம் இன்னும் ஒண்ணுமே போடவில்லை என்றால் அதற்குள் என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது என்றுதானே சொல்வீர்கள்? கணினியைப் பொறுத்தவரை அந்தப் பதில் தப்பு. ஏன் தப்பு என்று அவர் வாழ்க்கையோடு சேர்த்தே பார்ப்போம்.

பிறப்பும் பெற்றோரும்

ஏடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை பைரன் பிரபு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற கவிஞர். தாய் அன்னபெல்லா, கணக்கில் மிகுந்த ஆர்வம் உடையவர். குழந்தை பிறந்த ஒரே மாதத்தில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 1816-இல் பைரன் நாட்டை விட்டே போய்விட்டார், திரும்பி வரவே இல்லை. 1824-இல் கிரேக்க நாட்டில் அவர் இறந்தபோது ஏடாவுக்கு வயது எட்டு. அப்பா முகத்தைப் பார்த்த ஞாபகம்கூட அந்தப் பிள்ளைக்கு இல்லை.

மகளுக்கும் அப்பாவைப் போலக் குணம் வந்துவிடக் கூடாது என்று அம்மா பயந்தார். அதனால் சின்ன வயதிலிருந்தே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களை வைத்தார். அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுப்பது ரொம்ப அபூர்வம்.

பன்னிரண்டு வயதில் ஏடாவுக்குப் பறக்க ஆசை வந்தது. சும்மா கனவு காணவில்லை. பறவைகளின் உடம்பையும் இறக்கையையும் ஆராய்ந்து, எந்தப் பொருளில் இறக்கை செய்யலாம், எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்று யோசித்து எழுதி வைத்தார். 1829-இல் தட்டம்மை வந்து கால்கள் செயலிழந்தன. நெடுங்காலம் படுக்கையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகு ஊன்றுகோல் பிடித்துத்தான் மெல்ல நடக்க ஆரம்பித்தார். அப்போதும் படிப்பை விடவில்லை.

மதுரையில் பிறந்த ஆசிரியர்

ஒன்பதாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமான கண மொழியில் டி மார்கன் விதிகள் படிக்கிறோம் அல்லவா? அந்த அகஸ்டஸ் டி மார்கன்தான் ஏடாவுக்குக் கணக்கு ஆசிரியர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம மதுரை! 1806-இல் அங்கே பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1840 முதல் அவர் ஏடாவுக்குக் கடிதம் மூலமாக உயர் கணிதம் கற்பித்தார். புரியாததை ஏடா எழுதிக் கேட்பார், அவர் விளக்கி எழுதி அனுப்புவார். மேரி சோமர்வில் என்ற பெண் அறிஞரும் ஏடாவுக்கு வழிகாட்டியாக இருந்தார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏடாவின் திறமையைப் பார்த்து டி மார்கன் வியந்தார். அதே மனிதர் 1844-இல் ஏடாவின் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இவ்வளவு கடினமான கணக்கைப் பெண்ணின் உடம்பு தாங்காது என்று கவலைப்பட்டார். அவ்வளவு படித்தவரே அப்படி நினைத்தார் என்றால் மற்றவர்கள் எப்படி நினைத்திருப்பார்கள்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-இல்தான்.

பாபேஜும் பல்சக்கர இயந்திரமும்

1833-இல், 17 வயதில், ஏடா சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். பாபேஜ் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றின் ஒரு பகுதியைச் செய்து வைத்திருந்தார். அதைப் பார்க்க வந்தவர்கள் பலரும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஏடாவோ அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள முயன்றார்.

1835-இல் ஏடாவுக்கு வில்லியம் கிங் என்பவரோடு திருமணம் நடந்தது. 1838-இல் கணவர் லவ்லேஸ் பிரபு ஆனதால் இவர் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டேதான் கணக்கும் படித்தார்.

இதற்கிடையில் பாபேஜ் இன்னொரு பெரிய இயந்திரத்தைத் திட்டமிட்டிருந்தார். பகுப்பாய்வு இயந்திரம் என்று அதைச் சொல்லலாம். அதில் எண்களைச் சேமிக்க ஒரு பகுதி, கணக்குப் போட ஒரு பகுதி. கட்டளை கொடுப்பதற்குத் துளையிட்ட அட்டைகள். இந்த அட்டை யோசனை தறியிலிருந்து வந்தது! காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் மயிலும் மாங்காயும் வருவதற்குத் தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டை தொங்குமே, அதே அட்டைதான். நம்ம பக்கம் சங்கரன்கோவில், புளியங்குடியில் சொந்தக்காரர்கள் இருந்தால், தறி பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1842-இல் மெனப்ரியா என்ற இத்தாலியப் பொறியாளர் இந்த இயந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். (இவர் பின்னாளில் இத்தாலியின் பிரதமர் ஆனார்.) ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதோடு நிற்காமல் தன்னுடைய குறிப்புகளையும் சேர்த்தார். மூலக் கட்டுரையைவிடக் குறிப்புகள் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! 1843-இல் அது அச்சில் வந்தது. அதில் முழுப் பேர் போடவில்லை, ஏ.ஏ.எல். என்ற முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன.

காலிப் பெட்டியின் கதை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நிரல் எழுதும்போது எண்களைப் போட்டு வைக்கப் பெட்டிகள் வேண்டும். இதற்கு மாறி என்று பெயர். பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் அக்காமார்களைக் கேட்டால் சொல்வார்கள். பாபேஜின் இயந்திரத்தில் மாறி என்பது நிஜமாகவே கண்ணால் பார்க்கும் பொருள். 0 முதல் 9 வரை எழுதிய சக்கரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு தூண். பைக்கில் கிலோமீட்டர் காட்டுகிற பழைய மீட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீட்டரில் என்றைக்காவது ஒண்ணுமே இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இருக்கவே முடியாது. சக்கரம் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டித்தான் ஆக வேண்டும். பழைய பைக் வாங்கினால் முதல் ஆள் ஓட்டிய கிலோமீட்டர் அதில் இருக்கும். நாம் இன்னும் ஒரு அடிகூட ஓட்டவில்லையே என்று மீட்டருக்குத் தெரியாது.

நம் குற்றாலத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஆனி, ஆடி மாதச் சாரலில் முற்றத்தில் ஒரு பானையை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறோம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. சாயங்காலம் வந்து, காலிப் பானைதானே என்று மூன்று படி தண்ணீர் அளந்து ஊற்றினால் உள்ளே சரியாக மூன்று படி இருக்குமா? இருக்காது. சாரல் தண்ணியும் சேர்ந்துதானே இருக்கும்!

ஏடா இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். தன் குறிப்புகளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பெயர் கொடுத்து, அதன் இடது மேல் மூலையில் ஒரு சின்ன எண் எழுதும் முறையை விளக்கினார். தூணில் வெறும் பூஜ்ஜியம் மட்டும் இருந்தால் மூலையில் 0. முதல் மதிப்பு வந்ததும் 1. அது மாறி வேறு மதிப்பு வந்தால் 2. மறுபடியும் பூஜ்ஜியம் ஆகிவிட்டால் மறுபடியும் 0. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தாலே இந்தப் பெட்டி தொடப்படாததா, எத்தனையாவது மதிப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணை எடுக்கும் அட்டையிலும் இரண்டு வகை உண்டு என்று விளக்கினார். ஒரு வகை, எண்ணை எடுத்துக்கொண்டு தூணைப் பூஜ்ஜியமாக்கிவிடும். இன்னொரு வகை, எண்ணை எடுத்த பிறகும் தூணில் அதை அப்படியே வைத்திருக்கும். பானைத் தண்ணீரைக் கவிழ்த்து அளப்பதற்கும், பானைக்குள் எட்டிப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம்தான். எதைப் பயன்படுத்தினோம் என்று மறந்தால் அடுத்த கணக்கு முழுக்கத் தப்பாகும்.

புகழ்பெற்ற அட்டவணை

குறிப்புகளின் கடைசியில் ஏடா ஒரு பெரிய அட்டவணை கொடுத்தார். பெர்னூலி எண்கள் என்ற எண் வரிசையை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று 25 படிகளில் காட்டினார். (நம் கணித மேதை ராமானுஜன் 1911-இல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையும் பெர்னூலி எண்களைப் பற்றியதுதான்!)

அந்த அட்டவணையின் தலையில் என்ன இருந்தது தெரியுமா? ஒவ்வொரு தூணும் ஆரம்பத்தில் என்ன எண்ணோடு இருக்க வேண்டும் என்ற விவரம். முதல் தூணில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4. வேலை நடப்பதற்காக வைத்த தூண்களில் எல்லாம் பூஜ்ஜியம். பூஜ்ஜியம்தானே, எழுதாவிட்டால் என்ன என்று அவர் விட்டுவிடவில்லை. பூஜ்ஜியத்தையும் எழுதினார்.

அட்டவணையில் ஒரு வகுத்தல் மட்டும் தலைகீழாக அச்சாகிவிட்டது. அதைத்தான் உலகின் முதல் நிரல் பிழை என்று சிலர் வேடிக்கையாகச் சொல்கிறார்கள். இதில் பாபேஜின் பங்கு எவ்வளவு, ஏடாவின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் விவாதம் செய்கிறார்கள். பாபேஜும் அதற்கு முன்பே சில சிறு நிரல்களைத் தன் தாள்களில் எழுதி வைத்திருந்தார். பெர்னூலிக் கணக்கின் இயற்கணிதத்தைத் தானே செய்து கொடுக்க முன்வந்ததாகவும், அதில் தான் செய்த பெரிய தவற்றை ஏடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜே பின்னாளில் எழுதியிருக்கிறார். குரு போன்றவரின் தவற்றைக் கண்டுபிடிப்பது லேசான காரியமா?

இன்றைய கணினியில்

இன்றைய கணினியில் சக்கரம் கிடையாது. ஆனால் கதை அதேதான். நினைவகத்தில் ஒவ்வொரு இடத்திலும் 0 அல்லது 1 ஏதாவது ஒன்று இருந்தே தீரும். நாம் ஒரு மாறியை உருவாக்கும்போது கணினி ஒரு இடத்தை ஒதுக்கித் தருகிறது. முன்னால் வேறு வேலைக்குப் பயன்பட்ட எண் அங்கேயே கிடக்கலாம். இதற்குக் குப்பை மதிப்பு என்று பெயர். முந்தின பீரியட் எழுதியதை அழிக்காத கரும்பலகை மாதிரி.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று பாட மதிப்பெண் 45, 38, 50. மொத்தம் என்ற பெட்டியில் முதலில் 0 வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டினால் 133 வரும். 0 வைக்க மறந்து, உள்ளே 27 என்ற குப்பை கிடந்தால் 160 வரும். மூன்று பாடத்துக்கும் சேர்த்து 150-தானே மொத்தம்! இது கண்ணில் பட்டுவிடும். குப்பை 5 என்று இருந்தால் 138 வரும், யாருக்குமே சந்தேகம் வராது. அதுதான் ரொம்ப ஆபத்து.

ஒவ்வொரு கணினி மொழியும் இதற்கு ஒவ்வொரு சட்டம் வைத்திருக்கிறது. சி மொழியில், நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகளுக்கு நாம் மதிப்புக் கொடுக்காவிட்டால் பூஜ்ஜியம் கிடைக்கும். ஒரு செயல்பாட்டுக்குள் சாதாரணமாக உருவாக்கும் மாறிக்கு அந்தச் சலுகை கிடையாது, குப்பைதான். ஜாவா மொழியில், செயல்பாட்டுக்குள் இருக்கும் மாறிக்கு மதிப்புக் கொடுக்காமல் பயன்படுத்தினால் நிரலை ஏற்கவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். கண்டிப்பான ஆனால் நல்ல டீச்சர் மாதிரி!

சரி, எல்லாவற்றிலும் பூஜ்ஜியம் வைத்துவிட்டால் போச்சா? அதுவும் இல்லை. எண்களைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டுமானால் 1-இல் ஆரம்பிக்க வேண்டும். 0-இல் ஆரம்பித்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். வகுப்பின் குறைந்த மதிப்பெண்ணைத் தேடும்போது 0-இல் ஆரம்பித்தால், யாருமே பூஜ்ஜியம் வாங்காவிட்டாலும் விடை பூஜ்ஜியம் என்றே வரும். எந்த வேலைக்கு எந்த ஆரம்பம் என்று யோசித்து வைக்க வேண்டும். ஏடாவின் அட்டவணையில் 1, 2, 4, 0 என்று வேறு வேறாக இருந்தது இதனால்தான்.

பூஜ்ஜியத்தை ஓர் எண்ணாகவே மதித்து, அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் எழுதியவர் நம் இந்தியாவின் பிரம்மகுப்தர் (கி.பி. 628). பூஜ்ஜியம் என்பது ஒண்ணுமில்லாதது மட்டும் கிடையாது, அதுவும் ஒரு மதிப்பு என்று நம் முன்னோர்கள் அன்றே கண்டுகொண்டார்கள் என்பது நமக்குப் பெருமை.

மறைவும் புகழும்

ஏடாவின் கடைசிக் காலம் துன்பமானது. குதிரைப் பந்தயத்தில் பணத்தை இழந்து கடன்பட்டார். புற்றுநோயும் வந்தது. 1852 நவம்பர் 27-ஆம் நாள் காலமானார். அப்போது வயது 36-தான். அவருடைய தந்தை இறந்ததும் அதே 36 வயதில்தான். ஏடாவின் விருப்பப்படியே, கண்ணால் பார்த்து அறியாத தந்தையின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

பகுப்பாய்வு இயந்திரம் பாபேஜ் காலத்தில் முழுமையாகச் செய்யப்படவே இல்லை. ஏடா தன் நிரல் ஓடியதை ஒருநாளும் பார்க்கவில்லை. சுமார் நூறு ஆண்டுகள் கழித்துக் கணினிகள் வந்தன. 1953-இல் அவருடைய குறிப்புகள் ஒரு நூலில் மறுபடியும் அச்சாகின. அதன் பிறகு உலகம் அவரைத் தேடிப் படித்தது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய கணினி மொழி ஒன்றுக்கு ஏடா என்றே பெயர் வைத்தார்கள். 1980-இல் டிசம்பர் 10, அதாவது அவர் பிறந்த நாளன்று, அந்த மொழியின் தர விதிகள் ஏற்கப்பட்டன. அந்த விதித் தொகுப்பின் எண் 1815, அவர் பிறந்த ஆண்டு! போயிங் 777 விமானத்தின் மென்பொருளிலும் இந்த மொழி பயன்பட்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஏடா மொழியிலும் ஒரு சாதாரண எண் மாறிக்கு நாம் ஆரம்ப மதிப்புக் கொடுக்காவிட்டால், பூஜ்ஜியம் தானாக வரும் என்று நம்ப முடியாது. ஏடா அம்மையார் அட்டவணையில் செய்த மாதிரி நாமே எழுத வேண்டும்.

நாம் அறிய வேண்டியது

தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடந்து வருகிறது. குற்றால மலைச் சாரலில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். ஆகையால் நிரல் எழுதுவது எங்கேயோ லண்டனிலும் அமெரிக்காவிலும் நடக்கிற காரியம் என்று நாம் நினைக்க வேண்டாம். பஸ் ஏறிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

அங்கே போக ஆசைப்படுகிற தோழிகளுக்கு ஒன்று சொல்கிறேன். யாரும் மதிப்புக் கொடுக்காத மாறியில் முன்னால் யாரோ விட்டுப்போன குப்பைதான் இருக்கும். பெண்ணுக்குக் கணக்கு வராது, பெண்ணின் உடம்பு தாங்காது என்பதெல்லாம் அந்த மாதிரி பழைய குப்பை மதிப்புதான். ஏடாவுக்கும் அதைத்தான் வைத்தார்கள். அவர் அதை அழித்துவிட்டுத் தன் மதிப்பைத் தானே எழுதினார். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கம்ப்யூட்டர் என்று யாராவது கேட்டால், முதல் நிரலை அச்சில் கொடுத்ததே ஒரு பொம்பளைப் பிள்ளைதான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்
1. வகுப்பின் அதிக மதிப்பெண்ணைத் தேட எந்த எண்ணில் ஆரம்பிக்கலாம்?
2. 2, 3, 5 ஆகியவற்றைப் பெருக்கும் பெட்டியில் முதலில் 0 இருந்தால் விடை என்ன?
3. டி மார்கன் பிறந்த ஊர் எது?
(விடையை ஒரு தாளில் எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.)



ஒன்பதாம் வகுப்பு மாணவி